தகட்டைக் கழற்றும் முன்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்து வீடுகளை இடிக்கும்போது முதலில் விலை போவது கூரைதான். தோட்டம் கைமாறியதும் லாரி வந்து நிற்கும். முழுசாக இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் கோழிக் கூண்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும், தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளின் பின்பக்கம் இறக்கும் சாய்ப்புக்கும் போய்ச் சேரும். உடைந்தவற்றைச் சேறான பாதையில் கொட்டி மிதித்துவிடுவார்கள்.

எனக்கு வீடு புதுப்பிக்கும் தொழில். கூரை, சீலிங் வேலைதான் அதிகம். இந்தத் தகடுகளை வெட்டும் இடங்களை அடிக்கடி பார்க்கிறேன். வைர வட்டு பூட்டிய கிரைண்டர் தகட்டில் இறங்கியதும் வெண்மையாகத் தூசு எழும்பி, வியர்த்த முழங்கையில் மாவாகப் படியும். இடைவேளையில் அதே கையால் பையன்கள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். முகத்தில் துணி முகக்கவசம்கூட இருக்காது, இருந்தாலும் பயனில்லை. அந்தத் தூசில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. துணியின் கண்களுக்குள் தாராளமாக நுழைந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு வேகத்தோடு எழுதுகிறேன் என்றால், என் பெரியப்பாவை இந்த இழைதான் கொண்டுபோனது.

அவர் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். பாய்லர் கதவைச் சுற்றி ஆவி கசியாமல் வெள்ளைக் கயிறு ஒன்றை வைத்து இறுக்கியிருப்பார்கள். அது நைந்து போனால் உளியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கயிறு வைத்து அடிப்பார். நீராவிக் குழாய்களின் மேல் பூசும் பூச்சு மூட்டையில் தூளாக வரும். அதை டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டு, கையாலேயே பிசைவார்கள். கயிறும் ஆஸ்பெஸ்டாஸ், பூச்சும் ஆஸ்பெஸ்டாஸ். பெரியம்மா அவருடைய காக்கிச் சட்டையை ஊறவைக்கும் முன் வாசல்படியில் நாலு தட்டுத் தட்டுவார். அந்தத் தூசு விழுந்த இடத்தில்தான் நாங்கள் கோலி விளையாடினோம்.

வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். முதலில் காசநோய் என்றுதான் நினைத்தார்கள். நம் ஊரில் அப்படி நினைப்பது இயல்பு. பெரிய மருத்துவமனையில் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் மீசோதீலியோமா என்று தெரிந்தது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் போய்விட்டார். துக்க வீட்டில் ஒருவர், "சிகரெட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்" என்றார். பெரியப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. புகைப்பவர் இந்த இழையையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பன்மடங்காகிறது, அது உண்மை. ஆனால் மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. செத்தவர் மீது அந்தப் பழியாவது விழாமல் இருக்கட்டும்.

இந்த இழை நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும் தன்மை உடையது. உள்ளே போனதை உடம்பால் கரைக்கவும் முடியாது, முழுவதும் வெளியே தள்ளவும் முடியாது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடந்துவிட்டுத்தான் நோயாகத் தலைகாட்டும். பிரிட்டன் 1999-இல் ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடை செய்தது. இன்றும் அங்கே ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதீலியோமாவால் இறக்கிறார்கள். இன்று தூசைச் சுவாசிக்கும் பையனின் நோய் எந்தக் காலத்துக் கணக்கில் வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா குடும்பத்துக்கு இழப்பீடு கேட்கலாம் என்று நானும் அண்ணனும் அலைந்தோம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969 முதல் இருக்கிறது. தொழிலால் வந்த நோய்க்கு அதில் இடம் உண்டு. ஆனால் அந்த வேலையில்தான் நோய் வந்தது என்று காட்ட ஏதாவது காகிதம் வேண்டுமே. ஆலை இரண்டு கை மாறி மூடப்பட்டுவிட்டது. பழைய சம்பளப் பேரேட்டைக் கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஜப்பானில் 2005-இல் அமகசாகி நகரத்து ஆஸ்பெஸ்டாஸ் ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கே மீசோதீலியோமா வந்தது வெளியானபோது நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். எந்த முதலாளியிடம் வேலை பார்த்தார் என்று நிரூபிக்க முடியாதவருக்கும், ஆலைப் பக்கமே போகாத அக்கம்பக்கத்தாருக்கும் அதன்படி உதவி உண்டு. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். தோட்டத்து ஆட்களிடம் காகிதம் எங்கே இருக்கும்?

உலக அளவில் நடப்பதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆபத்தான ரசாயனங்களை நாடுகள் வாங்கி விற்பது பற்றி ரோட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1998-இல் கையெழுத்தாகி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் உறுப்பு நாடுதான். அதன் பட்டியலில் ஒரு பொருள் ஏறினால் தடை விழாது. விற்கும் நாடு வாங்கும் நாட்டிடம் "இதில் இந்த ஆபத்து இருக்கிறது, சம்மதமா?" என்று முன்கூட்டியே கேட்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற ஆஸ்பெஸ்டாஸ் வகைகள் பட்டியலில் ஏறிவிட்டன. உலகில் இன்று விற்பனையாகும் வகையான வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை, அதாவது கிரைசோடைலை, ஏற்ற முடியவில்லை. உடன்படிக்கையின் விஞ்ஞானக் குழு சிபாரிசு செய்தும், 2006 முதல் கூட்டத்துக்குக் கூட்டம் அது தடுக்கப்பட்டு வருகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது விதி. ரஷ்யா, கஜகஸ்தான் போல தோண்டி விற்கும் நாடுகள் தலையாட்ட மறுத்தால் கதை முடிந்தது. ஒரு காலத்தில் கனடாவும் தடுத்தது; பிறகு தன் சுரங்கங்களை மூடி, 2018-இல் தானே தடை விதித்தது. வாங்கும் நாடான இந்தியாவும் பல கூட்டங்களில் எதிர்த்து நின்றது. அந்தத் தகட்டின் கீழே தமிழ்நாட்டில் என் சொந்தங்கள் படுத்துறங்குகிறார்கள். 2025-இல் ஜெனீவாவில் கூடியபோதும் கிரைசோடைல் பட்டியலுக்கு வெளியேதான் நின்றது.

எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. வேலையிடத்தில் சுவாசித்த ஆஸ்பெஸ்டாஸால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் இறப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. இதற்குப் பிறகும் 'சொல்லிவிட்டு விற்றுக்கொள்' என்ற அளவுக்குக்கூட உலகம் ஒத்துப்போகவில்லை.

நம் நாட்டில் 1986-லேயே ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு விதிமுறை வந்தது. கழிவை எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்கும் 2005 முதல் விதி இருக்கிறது. கோழிக் கூண்டு கட்டுகிறவரிடம் இதையெல்லாம் யார் போய்ச் சொன்னார்கள்? போன மாதம் லயத்திலிருந்து தாமானுக்கு வந்த ஓர் அக்கா, கொண்டு வந்த தகடுகளைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னார். முடியாது என்றேன்.

"நாற்பது வருஷம் இதன் கீழேதானே படுத்தோம் தம்பி, என்ன ஆகிவிட்டது?"

"படுத்ததால் பெரிய ஆபத்து இல்லை அக்கா. வெட்டினால்தான் வினை."

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உடையாமல், உதிராமல் இருக்கும் கூரையைத் தொடாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் அடித்து நன்றாக நனையுங்கள். கிரைண்டரும் டிரில்லும் வேண்டாம். ஆணியைக் கழற்றி, தகட்டை முழுசாகக் கயிறு கட்டி இறக்குங்கள், மேலிருந்து எறியாதீர்கள். தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டுங்கள். கீழே விழுந்த தூளைக் காயவிட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டுங்கள். நுண்தூசுக்கான சுவாசக் கவசம் வன்பொருள் கடையில் கிடைக்கும். வேலை உடுப்பை உதறாமல் தனியாக நனைத்துத் துவையுங்கள். இதற்குக் கூலி கூடுதலாகும். நான் விலை சொல்லும்போதே அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாய்லரிலும் ஆலை பழுதுபார்ப்பிலும் கட்டட இடிப்பிலும் இருந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த ஆலை, எந்த ஆண்டு, என்ன வேலை என்பதை நீங்களே சொல்லி, அட்டையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய சம்பளச் சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தாலும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.