முகத்து மறுவுக்குத் தலை ஸ்கேன் எதற்கு?

என் தங்கை மகள் பிறந்தபோது இடப்பக்கப் பொட்டில் வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. பால்கறை என்றே நினைத்தோம். மூன்றாம் வாரத்தில் அது சிவந்தது. ஆறாம் வாரத்திற்குள் நெற்றி, பொட்டு, மேலிமை என்று பரவி, தொட்டால் மெத்தென்று தடித்து, இடக்கண்ணைப் பாதி மூடிவிட்டது.

கிரகணத்தன்று தங்கை வெளியே வந்திருப்பாள் என்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. முதலில் காட்டிய மருத்துவமனையிலோ, தானாக மறைந்துவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றும் எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது பதில்தான், ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஹெமாஞ்சியோமா எனப்படும் இந்த ரத்தக்குழாய்க் கட்டி புற்று அல்ல. முதல் சில மாதங்கள் வேகமாக வளர்ந்து, ஒரு வயதை ஒட்டிச் சுருங்கத் தொடங்கி, பெரும்பாலும் நான்கு வயதுக்குள் அடங்கிவிடும். கையிலோ முதுகிலோ மிளகளவில் ஒன்று இருந்தால் காத்திருப்பதே சரி. முகத்தில் ஒரு பகுதி முழுவதையும் அடைத்துப் படர்வது வேறு கதை.

அடுத்துப் பார்த்த குழந்தைகள் தோல் மருத்துவர் நாடாவால் அளந்தார். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. “முதல்ல தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்கம்மா, அப்புறம்தான் மருந்து” என்றார். கட்டி வெளியே இருக்க மூளையை ஏன் படமெடுக்க வேண்டும் என்று தங்கை கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவர் கால் மணி நேரம் செலவழித்தார்.

முகத்தில் இப்படிப் பெரிதாகப் படரும் ஹெமாஞ்சியோமாவோடு சில குழந்தைகளுக்குச் சிறுமூளை வளர்ச்சிக் குறை, மூளைக்குப் போகும் தமனிகளில் கோளாறு, இதயம், பெருந்தமனி, கண் ஆகியவற்றில் குறைகள் சேர்ந்து வருவதுண்டு. 1996-ல் இதற்கு ஃபேஸ் (PHACE) சிண்ட்ரோம் என்று பெயரிட்டார்கள். முகத்தில் பெரிய ஹெமாஞ்சியோமா இருந்த 108 குழந்தைகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், 33 பேருக்கு இது இருந்தது. ஆக, ஸ்கேன் தேடுவது கட்டியை அல்ல, அதன் பின்னால் இருக்கக்கூடியதை. பிறவியிலேயே தட்டையாக, வளராமல் இருக்கும் கருஞ்சிவப்புப் படை வேறு. நெற்றியில் அது இருந்தால் மூளை உறையின் ரத்தக்குழாய்களைப் பார்ப்பார்கள், அந்த நோய் ஸ்டர்ஜ்-வெபர். இரண்டையும் ஒரே ‘மச்சம்’ என்ற சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம்.

சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு, எம்.ஆர்.ஐ.யில் இல்லை; ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம்கூட ஆகாததால், மயக்க மருந்தில்லாமல் முயன்று பார்ப்போம் என்றார்கள். பசியோடு வைத்திருந்து, ஸ்கேன் அறைக்கு வெளியே வயிறு நிறையப் பால் கொடுக்கச் செய்து, துணியால் இறுகச் சுற்றி, காதில் பஞ்சும் அதன்மேல் காது மூடியும் வைத்தார்கள். ரத்தக்குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மாறுபாட்டு மருந்துக்கான ஊசியைக் கையில் முன்பே போட்டிருந்தார்கள். அழுதது அதற்கு மட்டும்தான். இயந்திரம் கொல்லன் பட்டறைபோல் இடித்துக்கொண்டிருக்க, அவள் வாயோரம் பால் வழியத் தூங்கினாள்.

சிறுமூளை நன்றாக இருந்தது. இடப்பக்கக் கழுத்துத் தமனி மட்டும் மண்டைக்குள் நுழையுமிடத்தில் வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் லேசாகக் குறுகியிருந்தது. மருந்தின் அளவை முடிவு செய்தது இந்தக் குறுகலே. கொடுக்கப்போவது புரோப்ரனலால், ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் குறைக்கும் பழைய இதய மருந்து. அது இந்தக் கட்டிகளைச் சுருக்குகிறது என்பதை 2008-ல் பிரான்சில் போர்தோ மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். தமனி குறுகியிருக்கும்போது அழுத்தமும் சட்டென்று இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையக்கூடும். ஆகவே எக்கோ எடுத்து இதயத்தையும் பார்த்துவிட்டு, நரம்பியல் மருத்துவரையும் கலந்து, மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மூன்று வேளையாகப் பிரித்து மெல்ல ஏற்றினார்கள். ஸ்கேன் இல்லாமல் வழக்கமான அளவில் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது அவளுக்குப் பத்து மாதம். இமை முழுதாகத் திறக்கிறது, சிவப்பு சாம்பலாக மங்கிவருகிறது, தமனியை மறுபடி பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் இந்த மருந்து கொடுத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், பால் குடிக்காத வேளைக்கு மருந்தும் கிடையாது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பை, தெருவோடு சேர்ந்து கிரகணத்தைப் பழித்த எங்கள் அம்மாவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.