கம்முனு இரு சாமி

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டுப்பாடம் ஞாபகம் வருகிற நேரம். என் மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, சைலன்ஸுக்குத் தமிழ்ல என்ன?"

கட்டம் போட்ட பக்கம், ஒரு வார்த்தைக்குத்தான் இடம். அமைதி என்றேன். எழுதினாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "பீஸுக்கும் அமைதின்னுதானே எழுதியிருக்கேன்?" என்றாள். சரி, மௌனம் என்று மாற்று என்றேன். அழித்த வேகத்தில் தாள் கிழிந்து போனது. அவள் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில் இந்த இரண்டு வார்த்தையையும் யாரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது தலைவர் இறந்தால் பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிடம் நிற்கவைப்பார்கள், அது மௌனம். ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பது அமைதி. நிசப்தம் கதைகளில் மட்டும், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில் நிலவும். வீட்டுக்குள் ஒரே வார்த்தைதான்: கம்முனு. குழந்தை அழுதால் "கம்முனு இரு சாமி", பெரியவர்கள் வாக்குவாதத்தில் மூக்கை நுழைத்தால் "நீ கம்முனு இருடா". மல்லிகைப்பூ மணப்பதும் அதே கம்முனுதான். எங்கள் ஆத்தா ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லும்: "கம்முனு உக்காந்து சாப்புடு கண்ணு, ரசம் கம்முனு மணக்குது பாரு."

'பேசாம' என்ற வார்த்தையையும் சொல்ல வேண்டும். அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் என் வீட்டுக்காரர், "பேசாம ட்ரெயின்ல வந்திருக்கலாம்" என்பார். காந்திபுரம் போய்ச் சேர்வதற்குள் பத்துத் தடவை பேசுவார். 'சும்மா' இன்னும் மோசம். "சும்மா இரு, சொல் அற" என்று முருகன் உபதேசித்ததாகக் கந்தர் அனுபூதியில் அருணகிரிநாதர் பாடுகிறார். ஞானம் பெற்ற நிலையாம். எங்கள் பக்கம் "பையன் சும்மா இருக்கறானுங்க" என்று சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் பெண் தரமாட்டார்கள்.

நான் வளர்ந்தது தறிச் சத்தத்தில். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், எட்டுத் தறி. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் அடிக்கிற சத்தம் ராத்திரி பகலாக ஓடும். உள்ளே வேலை செய்கிறவர்கள் உதட்டசைவிலும் கையசைவிலும் பேசிக்கொள்வார்கள். பாவு அறுந்தது, டீ வந்தது, உன்னைக் கூப்பிடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் கைதான். சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் கண்ணெல்லாம் சிவந்துபோய் எழுந்து வருவார்கள். எங்களுக்கு நேர்மாறு. கரண்ட் போய்த் தறி நின்றால் அந்த நொடியே வீட்டில் அத்தனை பேருக்கும் முழிப்பு வந்துவிடும். யாரும் எழுப்பாமலே அப்பா எழுந்து போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறிகளை நிறுத்தினார்களே, ஒரு மாதத்துக்கும் மேலாக நின்றது. அப்போது நான் நாலு நாள் ஊரில் இருந்தேன். காக்கா கத்துவதும் பக்கத்துத் தெருவில் யாரோ இருமுவதும் கேட்டது. இருபது வருடம் இருந்த வீட்டில் அந்தச் சத்தமெல்லாம் எனக்குப் புதுசு. அமைதியாக இருக்கிறது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. "வெறிச்சுனு கெடக்குது" என்றார்கள். அப்பா ராத்திரியில் ஃபேனை ஐந்தில் வைத்து, ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவையும் இரையவிட்டுத் தூங்கினார்.

வாழ்க்கைப்பட்டது வெள்ளோடு பக்கம். ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற வழியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறதே, அதைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்று. தலை தீபாவளிக்குச் சோமனூரில் என் தம்பிமார்கள் பத்தாயிரம் வாலா வெடித்து மாப்பிள்ளையைக் குளிர்வித்தார்கள். அடுத்த வருடம் இங்கே விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வெடிகூட இல்லை. ஏதாவது எழவா என்று மெதுவாக மாமியாரிடம் கேட்டேன். "குருவீங்க மெரண்டு போயிருமுல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பலகாரத் தட்டை எடுத்துவைத்தார். 1996ல் சரணாலயம் ஆனது. ஐப்பசி வாக்கில் பறவைகள் வந்து சேரும், கூடு கட்டும், அப்போது பார்த்துத் தீபாவளியும் வரும். அதனால் சுற்றுவட்டார ஊர்களில் வெடி இல்லை, மத்தாப்போடு சரி. வெடிச் சத்தம் இல்லாத தீபாவளியில் பறவைகள் போடுகிற இரைச்சல் வாசல் வரைக்கும் கேட்கும். முதல் இரண்டு வருடம் கஷ்டமாக இருந்தது. இப்போது சோமனூருக்குப் போனால் வெடிச் சத்தத்தில் நான்தான் துள்ளுகிறேன்.

அன்றைக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் குருவியும் இல்லை, தறியும் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும்.

எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பொதுக் கிணறு. ஒரு நாள் நாங்கள், ஒரு நாள் அவர்கள் என்று தண்ணீர் முறை. கிணற்றுக்குள் சைடு போர் போட்ட செலவுக் கணக்கில் ஏழாயிரம் ரூபாய் இடித்தது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பதினோரு வருடம். 'பேச்சு இல்லை' என்று சொன்னால் எங்கள் ஊரில் மேற்கொண்டு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக வந்து வைப்பார்கள். அம்மாவும் சித்தியும் மட்டும் வேலியோரம் கறிவேப்பிலை, மோர் என்று பரிமாறிக்கொள்வார்கள், சத்தமில்லாமல்.

ஆனால் கிணறு பொது, மோட்டார் பொது. சொல்ல வேண்டியது தினமும் இருக்கும். அதற்கு எங்கள் மயிலைப் பசு இருந்தது. அப்பா கட்டுத்தரையில் நின்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொல்லுவார்: "ஃபுட்வால்வ் அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது, தண்ணி ஏற மாட்டேங்குது. எறங்கிப் பாத்தாத்தான் ஆகும்." பசு அசை போடும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் சித்தப்பா அவர்கள் வீட்டு நாயிடம், "பொழுதோட பாத்துக்கலாம், இப்ப வெயிலு" என்பார். நாய் வாலாட்டும். மோட்டார் ரிப்பேர், உரத்துக்கு டோக்கன், யார் வீட்டு ஆடு வரப்பில் மேய்ந்தது, எல்லாமே அந்த இரண்டு வாயில்லா ஜீவன்கள் வழியாகத்தான் நடந்தது. ஒரு தடவை கோபத்தில் பசுவையே அப்பா, "மனுசனா நீ?" என்று கேட்டார்.

பதினொன்றாம் வகுப்பில் தமிழ் ஐயா வழுவமைதி நடத்தினார். இலக்கணப்படி பிழைதான், ஆனால் ஒரு காரணம் இருந்தால் பிழை என்று தள்ளாமல் ஏற்றுக்கொள்வது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று பிரியத்தில் சொல்வது திணை வழுவமைதி. எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்து வெளியே நிற்கவைத்தார். அந்த 'அமைதி'யைத்தான் நான் நோட்டில் எழுதச் சொன்னேன் போலிருக்கிறது.

இந்தச் சித்திரையில் மயிலையை விற்றார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, குனிந்து சாணி வழிக்க முடியவில்லை. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தைக்கு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது நானும் போனேன். எங்கே பார்த்தாலும் காங்கேயம் மாடு, தூசி, மணிச் சத்தம். எங்கள் தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, வாங்க வந்தவர் கைமேலும் தன் கைமேலும் போட்டார். விலை அதற்குள் விரலில்தான். வாங்குகிறவர் தலையை ஆட்டிக் கையை இழுப்பார், தரகர் விடாமல் மறுபடி பிடிப்பார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு ரூபாய்கூடத் தெரியாது. அப்புறம் அதே துண்டு அப்பாவின் கைக்கு வந்தது. துண்டு ஒரு இடத்தில் புடைத்தது, அமுங்கியது, மறுபடி புடைத்தது. அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ம்" என்றார். பழைய தலைக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டார். வருகிற வழியெல்லாம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம். அப்பா பழக்கத்தில் கட்டுத்தரைக்குப் போய் நின்றார். எனக்குச் சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. முளைக்குச்சி வெறுமனே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் காலைல மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்டு ஆறு மணிக்கே வருமாட்ட இருக்குது."

அந்தப் பக்கம் சித்தப்பா தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நாய் அங்கே இல்லை, அது எங்கள் வாசலில் படுத்திருந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"வருமுங்ணா" என்றார்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "காப்பி வெய்யி சாமி" என்றார். "ஒரு டம்ளர்தான்."