வெடிப்பதற்கு முன் எடுத்த படம்

2023 மே மாதக் கடைசியில் ஓர் இரவு, மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கியைச் சப்தரிஷியின் வால் பக்கம் திருப்பி, எம் 101 என்னும் விண்மீன் மண்டலத்தைத் தேடினேன். ஊர் வெளிச்சத்தில் மண்டலம் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், என் வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி மட்டும் ஊசிமுனை போல நின்றது. மண்டலத்தின் ஒளி பரந்து நீர்த்துப்போகிறது. விண்மீன் ஒன்று வெடிக்கும்போது வரும் ஒளியோ ஒரே புள்ளியில் குவிகிறது. அதனால்தான் ஏறத்தாழ 2.1 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் செத்துப்போன ஒற்றை விண்மீன், கோடானுகோடி உறவுகளை மறைத்துவிட்டுத் தான் மட்டும் தெரிந்தது.

ஜப்பானிய அமெச்சூர் வானியலாளர் கோயிச்சி இதகாக்கி மே 19 அன்று கண்டுபிடித்த அந்தச் சூப்பர்நோவாவுக்கு, அதாவது விண்மீன் வெடிப்புக்கு, 2023 ஐஎக்ஸ்எஃப் என்று பெயர். வெடிப்பைவிட என்னை ஈர்த்தது, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஹப்பிள், ஸ்பிட்ஸர் என்னும் விண்வெளித் தொலைநோக்கிகள் வேறு காரியத்துக்காக எடுத்துவைத்திருந்த படங்களில் அந்த விண்மீன் பதிவாகியிருந்ததுதான். தொலைவான மண்டலங்களில் தனி விண்மீனைப் பிரித்துக் காண முடியாது என்பதால், இந்த வசதி அண்டை மண்டலங்களுக்கு மட்டுமே உரியது.

படம் கிடைத்ததும் வழக்கு முடிந்துவிடவில்லை. தானே உமிழ்ந்த தூசுக்குள் ஒளிந்திருந்த சிவப்புப் பெருமீன், அதாவது ஊதிப் பெருத்த மாபெரும் விண்மீன், அது. தூசு எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று வைத்துக்கொள்கிறோமோ, அதற்கேற்ப விண்மீனின் நிறையும் மாறுகிறது. ஒரே விண்மீனுக்குச் சூரியனைப்போல் 8 மடங்கு முதல் 20 மடங்கு வரை ஆய்வுக்குழுக்கள் கணக்குச் சொல்லின. இவ்வளவு அகன்ற இடைவெளியை 'மதிப்பீடு' என்று அழைக்க எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

இதே எம் 101-இல் 2011 ஆகஸ்டில் வெடித்தது வேறு வகை, ஒரு வெண்குள்ளன்: எரிந்து முடிந்த விண்மீனின் எஞ்சிய கரு. அந்த இடத்தின் பழைய ஹப்பிள் படங்களில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வெறுமையே சாட்சியானது: அதற்குப் பொருளை ஊட்டி வெடிக்கவைத்த துணையாகப் பக்கத்தில் பிரகாசமான சிவப்பு அரக்கன் (ஊதிப்போன முதிய விண்மீன்) இருந்திருந்தால் அது படத்தில் விழுந்திருக்க வேண்டும், விழாததால் அந்த வாய்ப்பை நீக்கிவிட்டார்கள். 1987-இல் பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டை மண்டலத்தில் வெடித்த விண்மீனின் பழைய புகைப்படத் தகடுகளைப் புரட்டியபோதோ, எல்லோரும் எதிர்பார்த்த சிவப்புக்குப் பதிலாக நீல விண்மீன் நின்றது.