நீதிபதியின் பதவியேற்ற நாள் எது?

வழக்கறிஞர் சங்க மலருக்காக, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் சிலரின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆளுக்கு அரைப் பக்கம்.

முதலில் கைக்குக் கிடைத்தவை பிரிவு உபசார உரைகள். படிக்கச் சுவையானவை. ஆனால் விடைபெறும் நாளில் யாரும் தேதியைச் சரிபார்த்துக்கொண்டு பேசுவதில்லை. ஒரே நீதிபதிக்கு மூன்று இடங்களில் மூன்று பதவியேற்ற நாள்! அரசிதழோடு ஒப்பிட்டபோது மூன்றுமே ஏதோ ஒரு வகையில் சரி: ஒன்று நியமன அறிவிக்கை வெளியான நாள், மற்றொன்று கூடுதல் நீதிபதியாகப் பிரமாணம் எடுத்த நாள், இன்னொன்று நிரந்தர நீதிபதியான நாள். அன்றிலிருந்து 'பதவியேற்றார்' என்று மொட்டையாக எழுதுவதில்லை. எந்தப் பதவி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடுத்த தொல்லை 'முதல்' என்ற பட்டம். சர் டி. முத்துசாமி ஐயரை, உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் இந்தியர் என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அவர்தான் முதலாமவர். கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863-லேயே நீதிபதியாகிவிட்டார். அதேபோல் ஐயர் 1893-இல் தலைமை நீதிபதி பொறுப்பைத் தற்காலிகமாகத்தான் வகித்தார். சென்னையில் நிரந்தரத் தலைமை நீதிபதியாக ஓர் இந்தியர், பி.வி. ராஜமன்னார், வந்தது 1948-இல். ஊரையும் பதவியையும் சேர்த்து எழுதினால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

'இவர் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு' என்று யாராவது எழுதிக் கொடுத்தால், தீர்ப்புத் திரட்டைப் புரட்டாமல் சேர்ப்பதில்லை. இரு நீதிபதிகள் அமர்வில் தீர்ப்பை எழுதியவர் பெரும்பாலும் ஒருவர்தான். தீர்ப்புரை தொடங்கும் இடத்தில் அவர் பெயர் இருக்கும். உடன் அமர்ந்தவருக்கு 'அமர்வில் இடம்பெற்றார்' என்பது போதும்.

பிறந்த தேதிதான் பெரிய இழுபறி. பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்தது ஒன்று, ஜாதகத்தில் இருப்பது வேறொன்று. உயர் நீதிமன்ற நீதிபதியின் வயதில் கேள்வி எழுந்தால் குடியரசுத் தலைவரே தீர்மானிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 217(3) சொல்லும் அளவுக்கு இது பழைய சிக்கல். ஓய்வு பெற்ற நாளை வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்றாலும், ஓய்வு வயது 60-லிருந்து 62 ஆனது 1963-இல் என்பதை மறந்தால் அதுவும் கவிழ்த்துவிடும். ஒரு குடும்பத்தார் ஜாதகத் தேதியைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். "சார், அரசு ஆவணத்தில் உள்ளது மேலே, நீங்கள் சொல்வது அதன் கீழே, 'குடும்பத்தார் தெரிவித்தபடி' என்று போடலாமா?" எனக் கேட்டேன். மெய்ப்பை அனுப்பிய பிறகுதான் சம்மதித்தார்கள்.