பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கிடைத்தால் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள்

பரணில் கிடந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை இறக்கியதும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, பிளக்கைச் சொருகி ‘எரியுதா பார்ப்போம்’ என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர் இத்தனை வருஷம் தூங்கியதில் உள்ளே காய்ந்துபோயிருக்கும், கரண்ட் ஏறியதும் அது ஷார்ட் ஆனால் கூடவே பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கருகிவிடும். கண்டென்சர் கடையில் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது, யாராவது பொறுமையாகச் சுற்றித் தந்தால்தான் உண்டு.

என்னிடம் வந்தது மைக் செட் ஆம்ப்ளிஃபயர். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரையே எழுப்பிய வகை. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை, யாரோ ஒரு மெக்கானிக் கையால் கட்டியது, அதுவும் என்ன நேர்த்தி! ஒயரெல்லாம் மெழுகு நூலால் கட்டி, முனைகளை டேக் போர்டில் வளைத்துச் சுற்றிய பிறகே ஈயம் வைத்திருக்கிறார். வால்வுகள் என்று பார்த்தால், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட்டில் இரண்டு ஈ.எல்.34, முன்னால் ஈ.சி.சி.83, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயர் ஜி.இசட்.34. ஈ.சி.சி.83-இன் கண்ணாடியில் பி.இ.எல். முத்திரை இன்னும் அழியவில்லை. 1954-இல் பெங்களூரில் தொடங்கிய அதே பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வு.

பலர் முதல் வேலையாக வால்வைத்தான் மாற்றுகிறார்கள். ‘பழைய வால்வு, சத்து போயிருக்கும்’ என்று கடைக்காரர் சொல்வார், நாமும் நம்பிவிடுவோம். என் கட்சி வேறு. ஃபிலமென்ட் (உள்ளே சூடேறும் இழை) அறுந்துபோகாமல், உள்ளே காற்று புகாமல் இருந்தால் வால்வைக் கடைசி வரை சந்தேகப்படாதீர்கள். காற்று புகுந்துவிட்டதா என்பது பார்த்தாலே தெரியும், கண்ணாடிக்குள் வெள்ளி மாதிரி மின்னும் பூச்சு பால் வெள்ளையாகிவிடும். முதுமை முதலில் தாக்குவது கண்டென்சரை, அடுத்து கார்பன் ரெசிஸ்டரை. 100 கிலோ ஓம் என்று வண்ணக்கோடு போட்ட ரெசிஸ்டர் மீட்டரில் 140 காட்டுவது இதில் சர்வசாதாரணம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வால்வை எல்லாம் கழற்றி எது எந்த பேஸில் (சொருகும் குழியில்) இருந்தது என்று குறித்து வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போகும் ஒயரின் நடுவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸில் போட்டு கரண்ட் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை பல்புதான் வேண்டும். பல்பு லேசாகச் சிவந்து அடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கிறது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே எங்கோ ஷார்ட். என்னுடையதில் பல்பு அடங்கியபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்து, ரெக்டிஃபயர் தரும் டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள். அவற்றை யோசிக்காமல் மாற்றிவிடலாம், ஆனால் மதிப்பை ஏற்றாதீர்கள். 50 மைக்ரோ ஃபேரட் இருந்த இடத்தில் 220 போட்டால் உறுமல் குறையும் என்று சிலர் செய்கிறார்கள். தனக்கு அடுத்து வரும் முதல் கண்டென்சரில் ஜி.இசட்.34 தாங்குவது 60 மைக்ரோதான், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை போடும்போதும் ரெக்டிஃபயர் அடி வாங்கும். வோல்டேஜ் மட்டும் 500 உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன், அங்கேயும் கொஞ்சம் அலையத்தான் வேண்டியிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் கப்ளிங் கண்டென்சர் சோதனை. அவுட்புட்டுக்கு முந்தைய டிரைவர் வால்வின் பிளேட்டில் (வெளியே எடுக்கும் முனையில்) 200 வோல்ட் டி.சி. நிற்கும், அது ஈ.எல்.34-இன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) போகாமல் தடுப்பது இந்தச் சின்னக் காகித கண்டென்சர்தான். அது கசிந்தால் கிரிட்டின் நெகட்டிவ் குறையும், வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுத்து பிளேட் செக்கச்சிவந்துபோகும். ‘வால்வு போச்சு’ என்று தூக்கிப்போடுகிற பல கேஸ் உண்மையில் இதுதான். ஈ.எல்.34 இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, மற்ற வால்வுகளோடு கரண்ட் கொடுத்து, அவற்றின் கிரிட் வரும் ஐந்தாம் பின்னில் மீட்டரை வைத்தேன். ஒரு பேஸில் மைனஸ் 34 வோல்ட், இன்னொன்றில் மைனஸ் 11. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியவை. மெழுகு வழிந்திருந்த அந்தக் கண்டென்சரையும் அதன் ஜோடியையும் எடுத்துவிட்டு 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போட்டதும் இரண்டு பக்கமும் 34-இல் வந்து நின்றது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரில் கிளிப் மாட்டி இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். கரண்ட் இருக்கும்போது அளந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பழைய இரண்டு பின் ஒயரையும் எடுத்துவிட்டு மூன்று பின் போட்டு, எர்த்தை உலோகச் சட்டமான சேசிஸில் ஸ்க்ரூவோடு முடுக்கிவிடுங்கள்.

நம் வீட்டுக் கரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 245 கொடுத்தால் 6.3 வோல்ட் வர வேண்டிய ஃபிலமென்ட்டுக்கு 7 போகும், வால்வின் ஆயுள் அங்கேயே கரையும். என்னுடையதில் 240 முனை தனியாக இருந்ததால் அதற்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோது வால்வு இழுக்கும் கரண்டை அளவாக வைப்பது. வால்வின் கேத்தோடில் (கரண்ட் திரும்பும் முனையில்) 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிட்டால் மில்லிவோல்ட்டைப் பத்தால் வகுத்தாலே மில்லியாம்ப். பிளேட்டில் 430 வோல்ட், 40 மில்லியாம்ப் வைத்திருக்கிறேன், சுமார் 17 வாட். ஈ.எல்.34-இன் எல்லை 25 வாட் என்பதால் வால்வு நிம்மதியாக இருக்கும். ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் பாட்டுப் போட்டுவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனே ஓட்டையாகிவிடும். மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் லைன் முனையும் இருக்கும். அது குழாய் ஸ்பீக்கர்களுக்கு, வீட்டு ஸ்பீக்கரை 8 ஓம் முனையில்தான் மாட்ட வேண்டும்.

சத்தம் எப்படி என்றால், அடித்தொனி குறைவுதான், இது ஹைஃபைக்காகக் கட்டியதே இல்லை. ஆனால் நாதஸ்வரம் போட்டால் சீவாளியில் காற்று நுழைவது தனியாகக் கேட்கிறது, தவிலின் வலந்தலை பளிச்சென்று விழுகிறது. மைக் இன்புட் பக்கம் இன்னும் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது. அங்கேயும் முதலில் பிளேட் ரெசிஸ்டரைத்தான் மாற்றப்போகிறேன், வால்வை இல்லை.