முதல் சால்வைக்கு முக்கோணமே நல்லது

பின்னப் பழகுபவர்களிடம் எல்லோரும் சொல்வது, "முதலில் ஒரு மஃப்ளர் போடு" என்பதுதான். 40 கண்ணி (ஊசியில் நூலால் விழும் வளையம்) ஏற்றிவிட்டு ஒன்றரை மீட்டருக்கு ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரு சாண் தாண்டுவதற்குள் அலுத்துவிடும். நடுவில் எங்கோ இரண்டு கண்ணி கூடியிருக்கும், எங்கோ ஒன்று விழுந்திருக்கும். ஓரம் நெளிந்த பிறகுதான் கண்ணில் படும்.

முக்கோணச் சால்வையில் அந்தத் தொல்லை குறைவு. வெறும் 4 கண்ணியில் தொடக்கம். முதல் இரண்டை நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னும் சாதாரணப் பின்னல்) போடுங்கள். பிறகு நூலை இரண்டு ஊசிகளுக்கும் இடையே முன்பக்கம் கொண்டுவந்து, வலது ஊசியின் மேலாகப் பின்னால் தள்ளுங்கள். மிச்சமுள்ளதெல்லாம் நிட். அடுத்த வரிசையும் இதேதான், கடைசி வரிசை வரை இதேதான். பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னும் எதிர்ப் பின்னல்) தெரிந்திருக்க வேண்டியதில்லை. நூலை மேலே போட்ட இடத்தில் சின்ன ஓட்டை விழும். அதுவே ஓரத்துக்கு வரிசையான துளை அலங்காரம் ஆகிவிடும்.

வரிசைக்கு ஒரு கண்ணி கூடுவதால் கணக்கு தானே சரிபார்த்துக்கொள்ளும்: வரிசை எண்ணோடு 4 கூட்டினால் ஊசியில் இருக்க வேண்டிய கண்ணி. 50 வரிசை முடிந்தால் 54. 53 தான் இருக்கிறதென்றால், அநேகமாக ஓரிடத்தில் நூலை மேலே போட மறந்திருக்கிறீர்கள். அடுத்த வரிசையிலேயே கண்டுபிடித்தால், இரண்டு கண்ணிகளுக்கு நடுவே படுத்திருக்கும் நூலை ஊசியால் தூக்கிப் பின்னினால் போதும். பத்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுவது உத்தமம்.

55 என்று வந்தால் காரணம் வேறு. வரிசை ஆரம்பத்தில் நூலை இடது ஊசிக்கு மேலாக இழுத்துப் பின்னால் போட்டிருப்பீர்கள். அப்போது முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே ஏறி, இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டிலும் ஊசியை விட்டால் ஒன்று கூடிவிடும். புதிதாகப் பின்னுபவர்கள் அதிகம் செய்வது இந்தத் தப்பைத்தான். வரிசை ஆரம்பத்தில் நூல் எப்போதும் ஊசிக்கு அடியில் சுற்றித்தான் பின்னால் போக வேண்டும்.

எல்லா வரிசையும் நிட் போட்டால் வருவது கார்ட்டர் பின்னல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது, மேடு பள்ளத்துக்குள் காற்று தங்குவதால் கதகதப்பும் அதிகம். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் தினசரிப் புழக்கத்துக்கான ஹாப் சால்வையின் நடுப்பகுதியை இப்படித்தான் பின்னுவார்கள். இதில் இரண்டு வரிசை உயரம் ஏறத்தாழ ஒரு கண்ணி அகலம். அதனால் கீழ்முனை செங்கோணமாக வரும். மேல் அகலம் ஆழத்தைப்போல இரண்டு மடங்கு இருக்கும்.

ஊசி வாங்கும்போது எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ.; அமெரிக்கக் கணக்கில் அதே 8 என்பது 5 மி.மீ. 6ஆம் நம்பர் அப்படியே தலைகீழ். நமக்கு வேண்டியது 5 மி.மீ., அதுவும் 80 செ.மீ. வட்ட ஊசி (இரண்டு முனைகளை வளையும் கம்பி இணைத்திருக்கும்). நேர் ஊசியில் 200 கண்ணி சேர்ந்தால் கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும்.

நம் ஊர்க் கடைகளில் ஆக்ரிலிக்கையும் உல்லன் என்றுதான் எடுத்துத் தருவார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். ஆக்ரிலிக் உருகிக் கட்டியான மணியாக உறையும். பழகுவதற்கு ஆக்ரிலிக் போதும். நிஜக் குளிருக்குக் கம்பளிதான். எதுவானாலும் வெளிர் நிறமாக, வழவழப்பாக, நடுத்தரத் தடிமனில் இருக்கட்டும். கறுப்பில் கண்ணி தெரியாது. பஞ்சு பறக்கும் நூலைப் பிரிக்க முடியாது.

100 கிராமில் சுமார் 200 மீட்டர் வரும் நூல் என்றால் 300 கிராம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு 16 கண்ணி விழுந்தால், 240 கண்ணியில் மேல் அகலம் 150 செ.மீ., ஆழம் 75 செ.மீ. மொத்தம் 236 வரிசை. ஆனால் 118ஆவது வரிசையில் பாதி நூல் தீர்ந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், கால்வாசிதான் செலவாகியிருக்கும். பாதி நூல் தீரும்போது ஆழம் 53 செ.மீ. ஆகியிருக்கும். கடைசி 22 செ.மீ. மற்றப் பாதியைத் தின்னும். "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்ற தைரியத்தில் விருந்துக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

இதற்குச் சமையலறைத் தராசு நல்ல துணை. இரண்டு வரிசைக்கு முன்னும் பின்னும் நூல் உருண்டையை நிறுத்துப் பாருங்கள். சால்வை முடியப்போகும் நேரத்தில் ஏறக்குறைய 5 கிராம் குறையும். கண்ணி மூட (கடைசியில் பின்னல் அவிழாமல் முடிக்க) அகலத்தைப்போல நான்கு மடங்கு, அதாவது 6 மீட்டர் நூல் வேண்டும். ஆகவே இரண்டு வரிசைக்கான நூல் மீதி இருக்கும்போதே நிறுத்தி மூடத் தொடங்குங்கள்.

மூடும்போது வலது கைக்கு 6 மி.மீ. ஊசியை மாற்றிக்கொள்ளுங்கள். அதே ஊசியில் இறுக்கி மூடினால் மேல் ஓரம் கயிறு போட்டுக் கட்டியதுபோல் சுருங்கி, முக்கோணம் கிண்ணமாகக் குழியும். புது உருண்டையை வரிசைத் தொடக்கத்தில் சேருங்கள். முடிச்சு வேண்டாம், இரண்டு பக்கமும் 15 செ.மீ. வால் விட்டுப் பிறகு தையல் ஊசியால் உள்ளே ஓட்டிவிடலாம்.

கம்பளி என்றால் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுங்கள். பாயில் விரித்து, மூன்று முனைகளையும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டு தொய்ந்துவிடும். ஆக்ரிலிக்குக்கு இந்த மெனக்கெடல் பலிக்காது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன்மேல் வைத்துவிடாதீர்கள். சூடு பட்ட இடம் தொளதொளத்துவிடும், பழையபடி வராது.