பூட்டைப் பிடித்திருப்பது யார்?

ஈஆர்பி (பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் வியாபார மென்பொருள்) உறைந்து நின்றதும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்பவர்களை நான் குறை சொல்வதில்லை. பிசான நெல் வந்து இறங்கும் மார்ச் மாதத்தில், வாசலில் லோடு லாரி காத்துக் கிடக்க, பில் போட முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனாலும் அந்த ஒரு வேலையைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

பாளையங்கோட்டையில் ஒரு அரிசி மொத்த வியாபாரி. கிட்டங்கி பேட்டையில், அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் கிளைகள். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம்.

"தம்பி, எல்லா சிஸ்டமும் சுத்திக்கிட்டே நிக்கு. ஒரு பில்லும் விழ மாட்டேங்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிரட்டா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, எதையும் தொடாதீங்க."

ஈஆர்பியின் தரவுகளை வைத்திருக்கும் எஸ்க்யூஎல் சர்வரில், காத்திருக்கும் ஒவ்வொரு செஷனுக்கும் (அதாவது இணைப்புக்கும்) அதை மறித்து நிற்கும் செஷனின் எண் கிடைக்கும். வள்ளியூரை மறித்தது அம்பாசமுத்திரம். அதை மறித்தது கணக்குப் பிரிவு. அப்படியே மேலே போனால் யாருக்காகவும் காத்திராத ஒரு செஷன். நிலை 'ஸ்லீப்பிங்'. எந்த வேலையும் ஓடவில்லை, ஆனால் ஒரு டிரான்சாக்‌ஷன் திறந்தபடி, அதாவது தொடங்கிய மாற்றம் முடிக்கப்படாமல், கிடக்கிறது. ஸ்டாக் டேபிள் (சரக்குக் கணக்கு இருக்கும் அட்டவணை) முழுவதும் அதன் பூட்டில், அது விடும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் பெயரைப் பார்த்தால் பேட்டை கிட்டங்கி.

அங்கே போன் போட்டேன். "ஸ்டாக்கைச் சரிபண்ணி சேவ் கொடுத்தேன் சார். 'உறுதிதானா?'ன்னு கேட்டுச்சு. அதுக்குள்ள லாரி வந்துட்டு, மூடை எண்ணப் போயிட்டேன்."

விஷயம் இதுதான். மென்பொருள் முதலில் டேபிளைத் திருத்திவிட்டு, கமிட் பண்ணாமல், அதாவது திருத்தத்தை முடித்து உறுதியாக்காமல், மனிதனிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது. கமிட் ஆகும்வரை பூட்டு விடாது. சாதாரண நாளில் நாலைந்து வரிசைகள்தான் மாறும், பூட்டும் அவற்றோடு நிற்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. ஆண்டு முடிவில் எல்லா லாட்டும் (சரக்குத் தொகுதியும்) ஒரே கட்டளையில் மாறியது. ஒரு கட்டளை ஒரு டேபிளில் சுமார் 5,000 பூட்டுகளைத் தாண்டினால், எஸ்க்யூஎல் சர்வர் அவற்றை விட்டுவிட்டு டேபிளையே மொத்தமாகப் பூட்டப் பார்க்கும். நினைவகத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது.

'கில்' கொடுத்து அந்த செஷனைத் துண்டித்திருந்தால் அந்த மனிதர் மூடை மூடையாக எண்ணிப் போட்ட திருத்தம் அத்தனையும் ரோல்பேக் ஆகி இல்லாமல் போயிருக்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் அதே கதி. அவர் உள்ளே போய் 'ஆம்' அழுத்தினார். கிளைகளில் பில் விழ ஆரம்பித்தது.

பிறகு, ரிப்போர்ட்டுகளில், பூட்டைப் பொருட்படுத்தாமல் படிக்கும் 'நோலாக்' போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் கடுமையாகவே மறுத்தேன். கமிட் ஆகாத எண்ணிக்கையைக் காட்டி ஒரு வியாபாரியிடம் சரக்கு இருக்கிறது என்று சொல்வது பெரிய தப்பு. அதற்குப் பதில், கடைசியாகக் கமிட் ஆன எண்ணிக்கையைக் காட்டும் 'ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்' போட்டோம். படிப்பவர்கள் காத்திருப்பது நின்றது. எழுதுபவர்கள் ஒருவரையொருவர் மறிப்பதை அது தீர்க்காது.

எனவே கேள்வியை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே கொண்டுவரச் செய்தோம். திருத்தங்கள் முதலில் தனி டேபிளில் சேரும். 'ஆம்' வந்த பிறகே ஸ்டாக்கில் ஏறும். ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து ஏற்றினால் டேபிள் பூட்டே விழாது. ஆனால் பாதி திருத்திப் பாதியில் நின்றால் கணக்கு தப்பும் என்றார் ஆடிட்டர். அது நியாயம். ஒரே மூச்சில் ஏற்றுகிறோம். டேபிள் இன்னும் பூட்டப்படுகிறது, சில நொடிகளுக்கு.